ஜனநாயகக் கட்சிக்குப் பேசத் தெரியலையா? அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் ஒரு கணக்கு

இன்னிக்கு எபிசோட் அமெரிக்க அரசியல் பத்தி. ட்ரம்ப் பத்திப் பேச ஆயிரம் சேனல் இருக்கு. அதனால நான் அவரை எதிர்த்து நிற்கிற ஜனநாயகக் கட்சியை எடுத்துக்கிறேன். 2026 நவம்பர் 3-ம் தேதி அங்கே இடைக்காலத் தேர்தல். அதுல இந்தக் கட்சிக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா அந்த நாட்டு ஜனங்களுக்கு இந்தக் கட்சியைப் பிடிக்கல. 2025 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 சதவீத வாக்காளர்கள், ஜனநாயகக் கட்சி மேல நல்ல அபிப்பிராயம் இல்லைன்னு சொன்னாங்க. அந்தப் பத்திரிகையோட கணிப்புகள்ல 35 வருஷத்துல இதுதான் மோசமான எண்.

பிடிக்காத கட்சி எப்படி ஜெயிக்கும்? ஜெயிச்சா அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு? இந்த ரெண்டு கேள்வியைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

இதுல நமக்கென்னன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட்ல இந்தியப் பொருட்கள் மேல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ அடி நேரா திருப்பூர்ல விழுந்துச்சு. செப்டம்பர்ல புது எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு அறிவிப்பு வந்தப்போ, சென்னையில எத்தனை வீட்டுல அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வரி போடுற அதிகாரம் அரசியல் சட்டப்படி அமெரிக்க நாடாளுமன்றத்தோடது. அந்த நாடாளுமன்றம் யார் கையில இருக்குங்கிறது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

முதல்ல கணக்கு

இடைக்காலத் தேர்தல்னா நம்ம ஊர் இடைத்தேர்தல் மாதிரி இல்ல. அதிபரோட நாலு வருஷப் பதவிக்காலத்துக்கு நடுவுல வர்ற பெரிய தேர்தல் இது. பிரதிநிதிகள் சபையில இருக்கிற 435 இடத்துக்கும் தேர்தல் நடக்கும். செனட்ல 100 இடத்துல இந்த முறை 35-க்குத் தேர்தல். 36 மாநிலத்துல கவர்னரையும் மக்களே தேர்ந்தெடுப்பாங்க. அதிபர் பதவிக்கு ஓட்டு கிடையாது. ஆனா எல்லாரும் அதிபரை மனசுல வச்சுத்தான் ஓட்டுப் போடுவாங்க.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் நடந்த இடைக்காலத் தேர்தல்களைப் பார்த்தா, ரெண்டே ரெண்டு தடவைதான் அதிபரோட கட்சி பிரதிநிதிகள் சபையில இடங்களை இழக்காம தப்பிச்சிருக்கு. ஒண்ணு 1998, இன்னொண்ணு 2002. மத்த எல்லாத் தடவையும் அடிதான். 1994-ல கிளின்டன் காலத்துல 54 இடம் போச்சு. 2010-ல ஒபாமா காலத்துல 63 இடம் போச்சு. 2018-ல ட்ரம்ப் கட்சி கிட்டத்தட்ட 40 இடத்தை விட்டுச்சு.

இப்போ 2024 தேர்தல் முடிவைப் பாருங்க. குடியரசுக் கட்சிக்கு 220, ஜனநாயகக் கட்சிக்கு 215. பெரும்பான்மைக்கு 218 வேணும். அதாவது வெறும் மூணு இடம் கூடுதலா பிடிச்சாப் போதும். டெக்சஸ்ல குடியரசுக் கட்சி அஞ்சு இடம் கூடுதலா வர்ற மாதிரி தொகுதி எல்லையை மாத்தி வரைஞ்சாங்க. பதிலுக்கு கலிபோர்னியாவில் மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி ஜனநாயகக் கட்சியும் அஞ்சு இடத்துக்குக் கோடு போட்டுச்சு. இதையெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் பிரதிநிதிகள் சபையில அவங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

செனட் வேற கதை. அங்கே 53-க்கு 47. நிகரா நாலு இடம் பிடிக்கணும். மெய்ன், வட கரோலினா ரெண்டும் கைக்கு எட்டுற தூரம். ஒஹாயோவுல ஷெரட் பிரவுன் மறுபடியும் நிற்கிறார். அவர் 2024-லயே அந்த மாநிலத்துல கமலா ஹாரிஸை விட ரொம்ப நல்லா ஓட்டு வாங்கியும் தோத்துப்போனவர். நாலாவது இடத்துக்கு டெக்சஸ், அயோவா, அலாஸ்கா மாதிரி எதிராளி கோட்டைக்குள்ளதான் போயாகணும். இதுக்கு நடுவுல ஜார்ஜியா, மிச்சிகன்ல கையில இருக்கிறதையும் காப்பாத்தணும்.

ஆக, எதிராளி மேல இருக்கிற கோபத்தை மட்டும் வச்சுக்கிட்டு பிரதிநிதிகள் சபையை ஜெயிச்சிடலாம். ஒஹாயோவையும் அயோவாவையும் ஜெயிக்கணும்னா, உங்களைப் பிடிக்காதவங்க கிட்ட போய் ஓட்டுக் கேட்டாகணும். சொல்ல ஒரு விஷயம் வேணும். அந்த இடத்துலதான் இந்தக் கட்சி தடுமாறுது.

கையெழுத்துப் போடாத செக்

அமெரிக்காவுல அரசியல் பேசுறவங்க இதை 'மெசேஜிங்' பிரச்சினைன்னு சொல்வாங்க. நான் ஒரு உதாரணத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2020-ல கொரோனா நேரத்துல அரசாங்கம் ஜனங்களுக்குப் பணம் அனுப்புச்சு. அந்த செக்ல ட்ரம்ப் தன்னோட பேரை அச்சடிக்க வச்சார். அப்போ எல்லாரும் அதைக் கிண்டல் பண்ணாங்க. அடுத்த வருஷம் பைடன் வந்தார். தலைக்கு 1,400 டாலர் வரைக்கும் அனுப்பினார். அந்த செக்ல அவர் பேர் கிடையாது. பண்பாடான முடிவுதான். ஆனா நாலு வருஷம் கழிச்சு, 2024 டிசம்பர்ல, ஆட்சியை விட்டுப் போற நேரத்துல, அதுல கையெழுத்துப் போடாதது முட்டாள்தனம்னு பைடனே மேடையில சொன்னார்.

இதோட இன்னொரு பாதி இருக்கு. 2023-ல விலைவாசி ஏறி ஜனங்க கடுப்புல இருந்த நேரத்துல, பொருளாதாரத்துக்கு 'பைடனாமிக்ஸ்'னு பேர் வச்சு அவரோட கட்சியே பிரசாரம் பண்ணுச்சு. பணம் கொடுத்தப்போ பேர் போடல, விலை ஏறினப்போ பேர் போட்டுக்கிட்டாங்க. இதை விடத் துல்லியமா அவங்க பிரச்சினையை யாராலயும் காட்ட முடியாது.

அதே 2021-ல குழந்தை இருக்கிற குடும்பங்களுக்கு மாசாமாசம் பணம் போட்டாங்க. ஆறு வயசுக்குக் கீழ இருந்தா 300 டாலர், அதுக்கு மேல 250. ஜூலையில ஆரம்பிச்சு டிசம்பர்ல நின்னுபோச்சு. அரசோட விரிவான கணக்குப்படி, குழந்தைகள் வறுமை 2021-ல 5.2 சதவீதத்துக்கு இறங்குச்சு. 2022-ல அது 12.4 ஆயிடுச்சு. அந்த 2022 நவம்பர்லதான் இடைக்காலத் தேர்தல். ஓட்டுப் போடப் போறப்போ அந்தப் பணம் ஜனங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. வீட்டுல பால், முட்டை விலை மட்டும்தான் ஞாபகம் இருந்திருக்கும்.

மருந்து விலை கதையும் இதேதான். வயசானவங்களுக்கான மெடிகேர் திட்டத்துல, அரசாங்கமே கம்பெனிகளோட பேரம் பேசி மருந்து விலையைக் குறைக்கலாம்னு 2022 ஆகஸ்ட்ல சட்டம் போட்டாங்க. பெரிய சாதனை. ஆனா பேரம் பேசின முதல் பத்து மருந்தோட புது விலை எப்போ நடைமுறைக்கு வந்துச்சு? 2026 ஜனவரி 1. அப்போ வெள்ளை மாளிகையில உட்கார்ந்திருக்கிறவர் ட்ரம்ப்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. 2025 ஜூலை 4-ம் தேதி ட்ரம்ப் ஒரு பெரிய வரிச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அவரே பேர் வச்சார்: 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்'. டிப்ஸ் வருமானத்துக்கு வரிச்சலுகை மாதிரி இனிப்பான விஷயமெல்லாம் உடனே அமலுக்கு வந்துச்சு. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுல, வேலை பார்க்கிறதை நிரூபிச்சாத்தான் காப்பீடுங்கிற கசப்பான நிபந்தனை பெரும்பாலான இடத்துல 2026 முடியிறப்போதான் வருது, தேர்தல் முடிஞ்ச பிறகு. இந்தச் சட்டத்தால 2034-க்குள்ள ஒரு கோடி பேர் கூடுதலா காப்பீடு இல்லாம நிப்பாங்கன்னு நாடாளுமன்றத்தோட பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லுது. அந்த ஒரு கோடி பேருக்கு இன்னும் வலிக்கல. வலிக்காத ஒண்ணைப் பத்தி ஓட்டுக் கேக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

யார் காதுக்காகப் பேசுறாங்க?

அடுத்தது வார்த்தைகள். 2025 ஆகஸ்ட்ல 'தேர்ட் வே'ங்கிற, கட்சிக்குள்ள மிதவாதிகள் பக்கம் நிற்கிற ஒரு ஆய்வு அமைப்பு ஒரு பட்டியல் போட்டுச்சு. தயவுசெஞ்சு இந்த வார்த்தைகளை எல்லாம் விட்டுடுங்கன்னு. அதுல 'பர்த்திங் பர்சன்' இருந்துச்சு. அம்மான்னு சொல்ற இடத்துல பிரசவிக்கும் நபர். வீடு இல்லாதவங்களைச் சொல்ற 'அன்ஹவுஸ்டு' இருந்துச்சு. ஸ்பானிஷ் வம்சாவளி மக்களைச் சொல்ற 'லத்தின்எக்ஸ்' இருந்துச்சு. அந்தக் கடைசி வார்த்தையை அந்தச் சமூகத்துலயே ரொம்பக் கொஞ்சம் பேர்தான் தங்களைச் சொல்லிக்கப் பயன்படுத்துறாங்க.

இந்த வார்த்தைகளுக்குப் பின்னாடி நல்ல எண்ணம் இருக்கு, அதை நான் மறுக்கல. யாரையும் புண்படுத்தக் கூடாதுன்னு நினைச்சுத்தான் பேசுறாங்க. ஆனா பல்கலைக்கழகத்துலயும் தொண்டு நிறுவனத்துலயும் இருக்கிறவங்க காதுக்கு ஏத்த மாதிரி பேசிப் பேசி, மளிகைக் கடையில நிற்கிறவர் காது தூரமாயிடுச்சு. 2024-ல ட்ரம்ப் தரப்பு இதைப் பிடிச்சு ஒரு டிவி விளம்பரம் விட்டுச்சு. கமலா 'அவங்களுக்காக', ட்ரம்ப் உங்களுக்காகங்கிறதுதான் அதோட சாரம். ஒரு பிரதிப்பெயரை வச்சே மொத்தப் பிரசாரத்தையும் முடிச்சுட்டாங்க.

வார்த்தைச் சண்டை அதோட நிக்கல. 2025-ல பெர்னி சாண்டர்ஸும் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸும் 'ஒலிகார்க்கி'யை எதிர்ப்போம்னு ஊர் ஊரா கூட்டம் போட்டாங்க. பணக்காரக் கும்பல் ஆட்சின்னு அர்த்தம். பெரும் கூட்டம் சேர்ந்துச்சு. அதே நேரம் மிச்சிகன் செனட்டர் எலிசா ஸ்லாட்கின், அந்த வார்த்தை சாதாரண ஜனங்களுக்குப் புரியாது, 'ராஜா வேண்டாம்'னு சொல்லுங்கன்னார். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு கட்சி தன் கோஷத்துக்கு எந்த வார்த்தைன்னே பொதுவெளியில சண்டை போட்டுக்கிட்டு இருந்தா, பார்க்கிறவனுக்கு என்ன தோணும்?

2025 மார்ச் 4-ம் தேதி ட்ரம்ப் நாடாளுமன்றத்துல பேசினார். ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சிலர் சின்னச் சின்ன அட்டைகளைத் தூக்கிப் பிடிச்சாங்க. ஒண்ணுல 'பொய்', இன்னொண்ணுல 'மெடிக்கெய்டைக் காப்பாத்துங்க'. சிலர் பிங்க் உடையில வந்தாங்க. ஆல் கிரீன்ங்கிற உறுப்பினர் எழுந்து நின்னு சத்தம் போட்டார், வெளியேத்திட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவரைக் கண்டிக்கிற தீர்மானம் வந்தப்போ, அவர் கட்சியிலேயே பத்துப் பேர் அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாங்க.

இதைக் கேக்கிறப்போ நமக்கு ஒரு சந்தேகம் வரும். கட்சித் தலைமை என்ன பண்ணிக்கிட்டு இருக்கு? விஷயமே அங்கதான் இருக்கு. நம்ம ஊர்ல தலைமை சீட் கொடுக்கும், தலைமை பேசினா அதுதான் கட்சியோட பேச்சு. அமெரிக்காவுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறதே 'பிரைமரி'ங்கிற உட்கட்சித் தேர்தல்ல ஜனங்கதான். தலைமை சீட்டைப் பறிக்க முடியாது. எதிர்க்கட்சியா இருக்கிறப்போ அங்கே ஒரு தலைவர்ங்கிற பதவியே கிடையாது. பிரதிநிதிகள் சபையில ஹகீம் ஜெஃப்ரிஸ் இருக்கார், செனட்ல சக் ஷூமர் இருக்கார். ரெண்டு பேருமே அடுத்த அதிபர் வேட்பாளர் இல்ல. அது யாருன்னு 2028-லதான் தெரியும். அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒரு மைக்.

ஒரு ராத்திரி, ஒரே கேள்வி

இவ்வளவுக்கும் நடுவுல 2025 நவம்பர் 4-ம் தேதி ராத்திரி ஒண்ணு நடந்துச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பின்னோட்டம். 2020 தேர்தல் முடிஞ்சதும் கட்சி உறுப்பினர்களோட ஒரு தொலைபேசிக் கூட்டத்துல, வர்ஜீனியாவைச் சேர்ந்த அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் கொதிச்சுட்டாங்க. இனிமே யாரும் சோஷலிசம்ங்கிற வார்த்தையை வாயிலேயே எடுக்காதீங்கன்னாங்க. அந்தப் பேச்சு வெளியே கசிஞ்சு பெரிய செய்தியாச்சு.

2025 நவம்பர் 4 அன்னிக்கு அதே ஸ்பான்பெர்கர் வர்ஜீனியா கவர்னர் தேர்தல்ல சுமார் 15 சதவீதப் புள்ளி வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அதே ராத்திரி, தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட்னு வெளிப்படையா சொல்லிக்கிற ஜோரான் மம்தானி நியூயார்க் மேயரா ஜெயிச்சார். இருபது லட்சத்துக்கு மேல ஓட்டுப் பதிவான தேர்தல் அது. நியூயார்க் மேயர் தேர்தல்ல 1969-க்கு அப்புறம் அவ்வளவு பேர் ஓட்டுப் போட்டதில்ல.

ஒரே கட்சியில எதிரெதிர் மூலையில நிற்கிற ரெண்டு பேர். ஆனா ரெண்டு பேரும் பேசினது ஒரே விஷயம். ஆங்கிலத்துல 'அஃபோர்டபிலிட்டி'. நம்ம பேச்சுல சொன்னா: கட்டுப்படியாகுதா?

மம்தானி வாடகை ஏறாம நிறுத்துறேன், பஸ்ஸை இலவசமாக்குறேன், குழந்தைப் பராமரிப்பை இலவசமாக்குறேன்னார். நியூ ஜெர்சியில கவர்னரா ஜெயிச்ச மிக்கி ஷெரில், பதவி ஏத்த அன்னிக்கே கரண்ட் கட்டணத்துக்காக அவசர நிலை அறிவிப்பேன்னு சொன்னாங்க. எனக்கு இன்னும் சுவாரசியமா பட்டது ஜார்ஜியா. அங்கே மின் கட்டணத்தை ஒழுங்குபடுத்துற பொதுச் சேவை ஆணையத்துக்குத் தேர்தல். சாதாரணமா யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத பதவி. ரெண்டு இடத்துலயும் ஜனநாயகக் கட்சி பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சது. கரண்ட் பில்தான் அங்கே பிரசாரம்.

இதுல நான் புரிஞ்சுக்கிறது ஒண்ணுதான். மெசேஜ்ங்கிறது அழகான வார்த்தை இல்ல. கேக்கிறவர் தன் வீட்டு பில்லை எடுத்து வச்சு, நீங்க சொன்னது நடந்துச்சா இல்லையான்னு சரிபார்க்க முடியிற வாக்குறுதி. 'ஜனநாயகத்தைக் காப்பாத்துவோம்'னா அதை எந்த பில்லுல பார்க்கிறது? வாடகை ஏறலைன்னா தெரியும். ஏறுச்சுன்னாலும் தெரியும். அந்த ரிஸ்க்கை எடுக்கத் தயாரா இருக்கிறவங்க பேச்சு காதுல விழுது.

நாடாளுமன்றத்துல இருந்த கட்சி அதே நேரத்துல இதைப் பாதி புரிஞ்சுக்கிச்சு. 2025 அக்டோபர் 1-ல இருந்து 43 நாள் அரசாங்கமே முடங்குச்சு. மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்கச் சொல்லி ஜனநாயகக் கட்சி பிடிச்ச பிடி. மானியம் போனா, சராசரியா வருஷத்துக்கு 888 டாலர் பிரீமியம் கட்டினவங்க 1,904 டாலர் கட்ட வேண்டி வரும்னு கேஎஃப்எஃப்ங்கிற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் எல்லாரும் ஒரே விஷயத்தைப் பேசினாங்க. கடைசியில செனட்ல அந்தப் பக்கத்து எட்டுப் பேர் விலகிப் போய் ஓட்டுப் போட்டாங்க. முடக்கம் முடிஞ்சுது. மானியம் நீட்டிக்கப்படல, டிசம்பர் 31-ஓட காலாவதியாச்சு. கேள்வி ஜனங்களுக்குப் புரிஞ்சுது. ஆனா கேட்டவங்க கடைசி வரைக்கும் நிப்பாங்களாங்கிறதுல சந்தேகம் வந்துச்சு.

இன்னொரு பக்கம் அதிர்ஷ்டமும் அவங்களுக்கு உதவுது. விலைவாசிப் பேச்செல்லாம் ஜனநாயகக் கட்சியோட ஏமாத்து வேலைன்னு ட்ரம்ப் பேச ஆரம்பிச்சார். பொருளாதாரம் நல்லாத்தான் இருக்குன்னு பைடன் ஆளுங்க சொல்லிச் சொல்லித் தோத்த அதே தப்பு. உனக்கு வலிக்கலைன்னு இன்னொருத்தன் கிட்டச் சொல்லி யாரும் ஓட்டு வாங்கினதில்ல.

ஜெயிச்சா வர்ற ஆபத்து

சரி, அப்போ நவம்பர்ல ஜெயிச்சிடுவாங்க, பிரச்சினை தீர்ந்துச்சா? எனக்குப் பயமே அந்த இடத்துலதான்.

2022-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. அந்த ஜூன்ல பணவீக்கம் 9.1 சதவீதம். ஜனநாயகக் கட்சி மண்ணைக் கவ்வும்னு எல்லாரும் எழுதினாங்க. ஆனா கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் பறிச்ச கோபம் வேலை செஞ்சுது. பிரதிநிதிகள் சபையில ஒன்பது இடம்தான் போச்சு, செனட்ல ஒண்ணு கூடவே கிடைச்சுது. கட்சி அதை எப்படி எடுத்துக்கிச்சு? நம்ம பேச்சு எடுபடுது, நம்ம தலைவர் சரியாத்தான் இருக்கார்னு. அஞ்சு மாசத்துல, 2023 ஏப்ரல்ல, பைடன் மறுபடியும் நிற்கிறதா அறிவிச்சார். 2024-ல என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். அந்த நல்ல இடைக்காலத் தேர்தல் முடிவு, உள்ளே இருந்த நோயை மறைச்ச வலி மாத்திரை.

ஓட்டுப் போடுறவங்களும் வேற வேற ஆளுங்க. 2022-ல தகுதி இருந்தவங்கள்ல ஏறக்குறைய 46 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டாங்க. 2024-ல 64 சதவீதம். இடைக்காலத் தேர்தலுக்கு வர்றவங்க அரசியலைத் தினமும் பின்தொடர்றவங்க, அதிகம் படிச்சவங்க. இப்போ அந்தக் கூட்டம் ஜனநாயகக் கட்சி பக்கம் சாயுது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வர்றவங்க இருக்காங்களே, வேலை, கடன், வாடகைன்னு ஓடிக்கிட்டு இருக்கிற இளைஞர்கள், அவங்கள்ல நிறையப் பேர்தான் 2024-ல ட்ரம்ப் பக்கம் நகர்ந்தாங்க. நவம்பர்ல அவங்க வீட்டுல இருப்பாங்க. அவங்க இல்லாமலே ஜெயிச்சுட்டு, அவங்களை ஜெயிச்சுட்டதா நினைச்சுக்கிட்டா 2028-ல மறுபடியும் இதே எபிசோடை நான் ரெக்கார்ட் பண்ண வேண்டி வரும்.

1994-ல குடியரசுக் கட்சி பத்து மசோதாவைப் பட்டியல் போட்டு, இதைச் சபையில ஓட்டுக்கு விடுவோம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச்சு. 2006-ல ஜனநாயகக் கட்சி ஆறு வாக்குறுதி கொடுத்துச்சு. அதுல ஒண்ணு குறைந்தபட்சக் கூலியை ஏத்துறது. ஜெயிச்சாங்க, 2007-லயே சட்டம் போட்டாங்க, 2009-க்குள்ள மணிக்கு 7.25 டாலராச்சு. வருத்தமான விஷயம் என்னன்னா, மத்திய அரசோட குறைந்தபட்சக் கூலி அதுக்கப்புறம் ஒரு சென்ட் கூட ஏறல.

அதனால நவம்பர் 3 ராத்திரி எத்தனை இடம்ங்கிறதை எல்லாரும் எண்ணுவாங்க. நீங்களும் எண்ணுங்க. நான் கூடவே இன்னொண்ணையும் பார்ப்பேன். ஒஹாயோ மாதிரி இடத்துல, ட்ரம்ப்புக்கு ஓட்டுப் போட்ட எத்தனை பேர் இந்தப் பக்கம் வந்தாங்க? வந்தவங்களுக்கு அடுத்த ரெண்டு வருஷத்துல எந்த பில் குறையும்னு இவங்க சொல்லியிருக்காங்க? அதுக்குப் பதில் இருந்தா, அந்தக் கட்சி பேசக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

உங்களுக்கு வேற கருத்து இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துப் பேசலாம்.